கீழ் வீட்டுக்கு ஒரு கோட்டேஷன்

செப்டம்பர் 3, புதன்

இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் பணம் வாங்கும்போது உன்னை நம்புகின்றன. பணம் கொடுக்க வேண்டி வரும்போதுதான் நீ பொய் சொன்னதைக் கண்டுபிடிக்கின்றன. எனக்கு இது நன்றாகத் தெரியும். கண்டுபிடிப்பதற்குத்தான் நான் சம்பளம் வாங்குகிறேன்.

கிண்டியில் ஒரு கண்ணாடிக் கட்டடம், ஆறாவது மாடி, இருசக்கர வாகன இழப்பீட்டுப் பிரிவு. தமிழில் போகிற கடிதம் எல்லாம் என் மேசையிலிருந்துதான் போகும். ‘தாங்கள் அளித்த தகவல் உண்மைக்கு மாறாக இருப்பதால் தங்கள் கோரிக்கையை ஏற்க இயலாமைக்கு வருந்துகிறோம்.’ பெயரையும் வண்டி எண்ணையும் மட்டும் மாற்ற வேண்டும். இன்று மதியத்துக்குள் பதினான்கு பேருக்கு வருந்தினேன்.

மாலையில் வங்கியிலிருந்து ஃபோன். “மேடம், ப்ராப்பர்ட்டி இன்ஷூரன்ஸ் காப்பி வரலன்னா உங்க ஃபைல் நகராது.” ஜனவரியில் அயர்லாந்து. வீட்டை ஈடு வைத்துக் கல்விக் கடன். ஈடு வைக்கும் வீட்டுக்கு இன்ஷூரன்ஸ் இருக்க வேண்டுமாம். நான் படிக்கப் போவது ரிஸ்க் மேனேஜ்மென்ட்.

அப்பாவிடம் சொன்னேன். “இருக்கறதுலயே கம்மியா ஒண்ணு போட்டுடு” என்றார்.

செப்டம்பர் 7, ஞாயிறு

காலையில் துணி துவைத்தேன். ரேஷன் கடை பூட்டியிருந்தது. பிறகு லேப்டாப்பை நடுவில் வைத்துக்கொண்டு மூன்று பேரும் உட்கார்ந்தோம். மூன்று கம்பெனி கோட்டேஷன். முதலாவதில் கட்டடம் மட்டும். இரண்டாவதில் கட்டடமும் உள்ளே இருக்கும் பொருள்களும். மூன்றாவதில் இவற்றோடு, வீட்டில் இருக்க முடியாமல் போனால் வேறு இடத்தில் தங்க வாடகையும் இடிபாட்டை அள்ளுகிற கூலியும் உண்டு.

அப்பா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். “நம்ம வீடு இன்னிக்கு ஒரு கோடிக்குக் கம்மியா போகாது. அதையே போடு.”

“அது மனையோட சேத்துப்பா. மண்ண யாரும் தூக்கிட்டுப் போக மாட்டாங்க. இடிஞ்சா திரும்பக் கட்ட எவ்வளவு ஆகுமோ அதைத்தான் போடணும்.”

“அப்போ அதுலயும் பாதி போடு. பிரீமியம் கொறையுமில்ல?”

“பாதிக்குப் போட்டா நஷ்டத்துலயும் பாதிதான் தருவான். சமையக்கட்டு மட்டும் போனாகூட, அதுக்கும் பாதி.”

“முழுசாப் போட்டா முழுசாத் தருவானா?”

“முழுசாப் போட்டா, தராம இருக்க காரணம் தேடுவான்.”

அம்மா சிரித்துவிட்டாள். “அப்புறம் எதுக்குடி இந்தக் கண்றாவியப் போடறோம்?”

“நான் ஊரைவிட்டுப் போறதுக்கு.”

பெயர், கதவு எண், கட்டிய வருடம், கூரை என்ன வகை எல்லாவற்றையும் அப்பா சொல்லச் சொல்ல நிரப்பினேன். ஒன்பதாவது கேள்வி: ‘கடந்த பத்து ஆண்டுகளில் இந்த முகவரியில் வெள்ளநீர் புகுந்துள்ளதா? ஆம் / இல்லை.’

மூன்று பேரும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். கீழே ஷம்ஷாத் அக்காவின் மெஷின் ஓடுவது தரை வழியாகப் பாதத்தில் அதிர்ந்தது.

“இல்லன்னு போடு” என்றார் அப்பா.

அம்மா குக்கரைப் பார்க்க எழுந்து போனாள். குக்கர் அப்போது அடுப்பிலேயே இல்லை.

அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று மூடி வைத்தேன்.

செப்டம்பர் 8, திங்கள்

பேருந்தில் உட்கார இடம் கிடைத்தது. அதனால் இதை எழுதுகிறேன்.

இந்த நகர் தாம்பரத்துக்கு மேற்கே, ஏரிக்குப் பின்னால் இருக்கிறது. பெரிய வெள்ளம் வந்தபோது நாங்கள் கீழ் வீட்டில்தான் இருந்தோம். நான் ப்ளஸ் ஒன். ஃப்ரிட்ஜ் மிதந்துபோய்ச் சமையலறை வாசலில் குறுக்கே மாட்டிக்கொண்டது. எதிர்வீட்டு மொட்டைமாடியில் உட்கார்ந்து எங்கள் வீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அதன்பின் அப்பா பி.எஃப். பணத்தைப் போட்டு மாடி கட்டினார். நாங்கள் மேலே ஏறினோம். கீழ் வீட்டை வாடகைக்கு விட்டோம்.

இரண்டு வருடம் முன்பு மறுபடி வந்தது. அப்போது கீழே குடியிருந்த கூட்டுறவுச் சங்க எழுத்தர், நனைந்த மெத்தையைத் தெருவில் போட்டுவிட்டு, போகும்போது ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று அது தண்ணீர் ஏறுகிற வீடு என்று சொல்லிவிட்டுப் போனார். அதிலிருந்து இந்தப் பக்கத்து ஆள் ஒருவர்கூட வீடு கேட்டு வரவில்லை. ஒரு வருடம் பூட்டியே கிடந்தது. அப்பா சுவரின் கீழ்ப்பாதிக்குக் கரும்பச்சை அடித்தார். அழுக்கு தெரியாது என்றார்.

அப்பா தொழிற்சாலையில் எலக்ட்ரிகல் ஃபோர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். கீழ் வீட்டின் வயரிங்கைத் தன் கையாலேயே புதிதாகப் போட்டார். பிளக் பாயிண்ட் எல்லாவற்றையும் தூக்கி உயரத்தில் வைத்தார். தண்ணீரில் கரண்ட் பாய்ந்து யாரும் சாகக் கூடாது என்பதில் அவருக்கு அக்கறை உண்டு. சாவுக்குக் கீழே இருக்கிற எதிலும் கிடையாது.

இந்த ஜனவரியில் ஷம்ஷாத் அக்கா வந்தார். அதற்கு முன் அவர் பார்த்த வீடுகளில் எல்லாம் பெயரைக் கேட்டதும் “சொந்தக்காரங்க வராங்க” என்று சொல்லியிருக்கிறார்கள். அப்பா அட்வான்ஸை வாங்கிக்கொண்டு, “நம்ம வீட்ல சாதி மதமெல்லாம் கெடையாதும்மா” என்றார். தெருவில் இன்றைக்கும் அதைச் சொல்லிக்கொண்டிருக்கிறார். தெருவும் ஆமாம் ஆமாம் என்கிறது. வேறு யார் வருவார்கள் என்று தெருவுக்குத் தெரியும்.

ஆன்லைன் விளம்பரம் நான் எழுதியது. ‘காற்றோட்டமான தரைத்தள வீடு, ஆண்டு முழுவதும் தண்ணீர் வசதி.’

என் நிறுத்தம் வந்துவிட்டது.

செப்டம்பர் 12, வெள்ளி

வேலை. வருத்தம். தலைவலி.

செப்டம்பர் 13, சனி

அயர்லாந்துக் குளிருக்குக் கம்பளிக் கோட்டு கடையில் வாங்கினால் என் பாதிச் சம்பளம் போகும். ஷம்ஷாத் அக்கா தைத்துத் தருகிறேன் என்றார். அவர் கணவர் பீர் முகமது திருப்பூரில் கட்டிங் மாஸ்டர். துணி அவர் அனுப்பியது.

கீழே போய் அளவு கொடுத்தேன். ஷம்ஷாத் அக்காவுக்கு முப்பத்து மூன்று வயதிருக்கும். அறந்தாங்கிப் பக்கம். கழுத்தில் இன்ச் டேப் இல்லாமல் அவரைப் பார்த்ததில்லை. டேப்பின் ஒரு முனையைக் காலால் மிதித்துக்கொண்டு மறுமுனையை மேலே இழுப்பார். “நேரா நில்லு. கூன் போட்டு நின்னா கோட்டுக்கும் கூன் விழுகும்” என்றார்.

முன்னறை முழுவதும் அந்த எம்பிராய்டரி மெஷின். கம்ப்யூட்டரில் படம் போட்டால் அதுவே பூ போடும். திருப்பூரில் ஒரு கம்பெனி மூடியபோது வாங்கியது. ஆறு பேர் சேர்ந்து இறக்கினார்கள். மோட்டாரும் கண்ட்ரோல் பெட்டியும் அடியில், என் முழங்காலுக்கும் கீழே.

“நீ இன்சூரன்ஸ்லதானே வேலை பாக்குற? மாடில வீட்டுக்குப் போடுறீங்களாமே. அதுலயே என் மெஷினயும் சேத்துற முடியாதா?”

“ஓனர் பாலிசில வாடகைக்கு இருக்கறவங்க பொருள் வராதுக்கா. நீங்க தனியாப் போடணும்.”

“அப்ப தனியாப் போடு. எவ்வளவு வரும்னு பாத்துச் சொல்லு. உங்க பீர் மச்சான் போனாக்கூட வேற பாத்துக்கலாம், இது போனா நான் எங்க போவேன்?” அவரே சிரித்தார். மூலையில் எழுதிக்கொண்டிருந்த மகள் சுமையா, “அத்தாகிட்ட சொல்றேன்” என்றாள்.

“சொல்லு, சொல்லு. அவருக்கே தெரியும்.” மேலே கையைக் காட்டினார். “உங்க அப்பாகிட்ட ஒண்ணு சொல்லணும். இந்த பிளக்கு எல்லாம் இம்புட்டு ஒசரத்துல இருக்கா, மெஷின் வயரு எட்ட மாட்டேங்குது. எக்ஸ்டென்ஷன் போட்டுத் தொங்க விட்ருக்கேன். ஏண்ணே இப்பிடின்னு கேட்டேன். புள்ளைங்க இருக்குற வீடு, கை வச்சிரும், அதான்னாரு. யாரு இப்பிடி யோசிப்பா சொல்லு.”

கை நீளத்தை இரண்டு தரம் அளந்தார். நான் நேராக நிற்கவில்லையாம்.

செப்டம்பர் 14, ஞாயிறு

ஷம்ஷாத் அக்காவுக்கான கோட்டேஷன் போட உட்கார்ந்தேன். மெஷினின் விலை, வாங்கிய வருடம், எல்லாம் அவர் காகிதத்தில் எழுதித் தந்திருந்தார். தொழில் உபகரணம், வாடகை இடம், தரைத்தளம். இதிலும் அதே கேள்வி இருக்கிறது, இடம் மட்டும் ஏழாவது. நெட் மெதுவாக இருந்தது. சேமித்து வைத்திருக்கிறேன். நாளை.

செப்டம்பர் 17, புதன்

ஷம்ஷாத் அக்கா கோட்டேஷன்: நாளை.

செப்டம்பர் 20, சனி

இன்று எங்கள் பாலிசிக்கு ஒன்பதாவது கேள்வியில் ‘ஆம்’ என்று போட்டுப் பார்த்தேன். முதல் கம்பெனி திரையிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொண்டது. இரண்டாவது பிரீமியத்தை இரண்டு மடங்குக்கும் மேல் ஏற்றியது. மூன்றாவது, பிரதிநிதி நேரில் வந்து பார்ப்பார், ஆறு வாரம் ஆகும் என்றது. வங்கி அக்டோபர் பாதி வரைதான் நேரம் தந்திருக்கிறது.

அப்பாவிடம் காட்டினேன். “அதான் அன்னிக்கே சொன்னேனே” என்றார்.

“இல்லன்னு போட்டு நாளைக்குத் தண்ணி வந்தா ஒரு பைசா வராதுப்பா. இந்தத் தெருவுல எவனக் கேட்டாலும் சொல்லுவான். அந்தக் கடிதத்தை எழுதறதே நான்தான்.”

“தண்ணி வராது. கால்வாய் வெட்டிட்டான்.”

“பாதி வெட்டிட்டு நிறுத்தியிருக்கான்.”

“அதுக்கு நான் என்னம்மா பண்ண?” குரல் ஏறிவிட்டது. “இந்த மனைய எனக்கு வித்தவன் சொன்னானா, இது வாய்க்கால்னு? பதிஞ்சு குடுத்தவன் சொன்னானா? ராத்திரியோட ராத்திரியா ஏரியத் தொறந்தானே, அவன் சொன்னானா? நாம முழுகினப்ப எவன் வந்து எட்டிப் பாத்தான்?”

“அதனால?”

“அதனால ஒண்ணுமில்ல. நீதான் போகணும்னு நின்ன.”

“நான் வீட்டப் பத்திப் பேசறேன். கீழ இருக்கறவங்களப் பத்திப் பேசறேன்.”

“பேசு. போய் அவங்ககிட்டயே பேசு. கதவு தொறந்துதான் இருக்கு.”

அம்மா சமையலறையிலிருந்து, “மெதுவாப் பேசுங்க, கீழ கேக்கும்” என்றாள்.

வாய்க்காலை அடைத்து மனை போட்டவன் இப்போது வார்டில் பெரிய மனிதன். அவன் வீடு மேட்டில் இருக்கிறது. அவன் ஏமாற்றினால் தொழில், அப்பா செய்தால் சாமர்த்தியம். ஏமாந்தவன் அடுத்தவனைத் தேடிப் பிடித்து அவன் தலையில் கட்டிவிட்டு மூச்சு விடுகிறான். அந்த அடுத்தவனுக்கு வேறு எங்கும் கதவு திறக்காது என்பதைத் தெரிந்துகொண்டே செய்கிறான். ஆபாசம்.

கீழே போகவில்லை. மழை தூறிக்கொண்டிருந்தது, மாடியில் துணி கிடந்தது.

செப்டம்பர் 25, வியாழன்

அரை நாள் விடுப்பு. வங்கி சார்பில் மதிப்பீட்டு இன்ஜினியர் வந்தார். பெருத்த உடம்பு, வியர்வை. மாடியை அளந்துவிட்டுக் கீழே போனார். நானும் அப்பாவும் கூடப் போனோம். ஷம்ஷாத் அக்கா மெஷினை நிறுத்திவிட்டு முக்காட்டைச் சரிசெய்துகொண்டு ஒதுங்கி நின்றார்.

இன்ஜினியர் ஃபோனுக்குச் சார்ஜ் போட இடம் தேடினார். சுவரைக் கீழே பார்த்தார், பிறகு மேலே பார்த்தார். சிரிக்க ஆரம்பித்துவிட்டார்.

“என்ன சௌந்தரபாண்டியன் சார், பிளக் பாயிண்ட் எல்லாம் நெஞ்சு ஒசரத்துக்குப் போயிடுச்சு?”

“கொழந்த இருக்கற வீடு சார்” என்றார் அப்பா.

“எங்க வீட்லயும் அதே கொழந்ததான் சார். ரெண்டு தடவ பொறந்திருக்கு. அன்னை நகர்ல இருக்கேன், உங்களுக்கு அடுத்தாப்ல.” அப்பாவின் தோளைத் தட்டினார். “பயப்படாதீங்க. எனக்கு ஃபார்ம்ல கட்டடம் ஸ்ட்ராங்கா இல்லையான்னுதான் கேட்டிருக்கான். ஸ்ட்ராங்.”

இருவரும் சிரித்தார்கள். நானும் ஏதோ முகத்தைச் செய்துகொண்டு நின்றேன். ஷம்ஷாத் அக்கா ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தார். நகைச்சுவை தனக்கு மட்டும் புரியாத மாதிரி, மரியாதைக்குக் கொஞ்சம் சிரித்தார்.

அவர்கள் வெளியே போனதும், “என்ன சொன்னாரு இலக்கியா?” என்று கேட்டார்.

“அவரு அப்படித்தான்க்கா. ஜோக் அடிச்சிட்டே இருப்பாரு.”

“ரெண்டு தடவ பொறந்த கொழந்தையா?”

அப்பா வெளியிலிருந்து கூப்பிட்டார். போக வேண்டியிருந்தது.

செப்டம்பர் 29, திங்கள்

எங்கள் பாலிசி மின்னஞ்சலில் வந்துவிட்டது. முதல் கம்பெனி, கட்டடம் மட்டும், குறைந்த பிரீமியம். எல்லாக் கேள்விகளுக்கும் பதில் நிரப்பப்பட்டிருக்கிறது. வங்கிக்கு அனுப்பியாயிற்று.

அம்மாவுக்கு ரத்த அழுத்த மாத்திரை வாங்க வேண்டும்.

அக்டோபர் 1, புதன்

ஆயுத பூஜை. அப்பா டெஸ்டர், கட்டிங் பிளேயர், ட்ரில் மெஷின் எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தார். பொரியும் சுண்டலும் எடுத்துக்கொண்டு கீழே போனார். கூடவே புது வயர்ச் சுருள் ஒன்றும். தொங்கிக்கொண்டிருந்த எக்ஸ்டென்ஷனைக் கழற்றிவிட்டு, கனமான எர்த் வயர் இழுத்து, மெஷினுக்குத் தனி சுவிட்ச் வைத்துக் கொடுத்தார். மதியச் சாப்பாட்டைக்கூட மறந்துவிட்டார். கூலி வாங்கவில்லை.

“மழைக் காலத்துல ஷாக் அடிக்கக் கூடாதும்மா. ஈரமா இருந்தா இந்த மெயினை மொதல்ல ஆஃப் பண்ணிடு. ஞாபகம் வச்சுக்க.”

“சொந்த அண்ணன்கூட இப்பிடிப் பாக்க மாட்டாக” என்று ஷம்ஷாத் அக்கா அம்மாவிடம் சொன்னாராம். அம்மா என்னிடம் சொன்னாள். ஏன் என்னிடம் சொல்கிறாள்?

அக்டோபர் 5, ஞாயிறு

ஷம்ஷாத் அக்கா வாடகை கொடுக்க மேலே வந்தார். எப்போதும் வாசலிலேயே கொடுத்துவிட்டுப் போவார். இன்று உள்ளே வந்து உட்கார்ந்தார். அம்மா காபி போட்டாள்.

பேசிக்கொண்டே கூடத்தைப் பார்த்தார். டிவிக்குப் பின்னால், என் கட்டிலுக்குப் பக்கத்தில், மேசைக்கு அடியில். எங்கள் வீட்டில் எல்லா பிளக் பாயிண்டும் முழங்கால் உயரத்தில்தான் இருக்கின்றன. போன வாரம் என் கூடப்பிறந்த அக்காவின் பிள்ளை வந்து தவழ்ந்தபோதுகூட அம்மா அதில் டேப் ஒட்டினாள். அந்த டேப் இன்னும் அப்படியே இருக்கிறது. ஷம்ஷாத் அக்கா அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார் என்று நினைக்கிறேன். காபி ஆறிவிட்டது.

படியிறங்கும்போது கேட்டார். “என் கோட்டேசன் என்னாச்சும்மா?”

“சர்வர் பிரச்சினைக்கா. இந்த வாரம் முடிச்சிடறேன்.”

“சரிம்மா. நீ வேலைக்குப் போற புள்ள. முடியிறப்ப பாரு.”

அக்டோபர் 9, வியாழன்

கம்பெனியில் இன்று ஒரு ஆள் ஃபோனில் கத்தினார். பால் வண்டிக்காரர். “என்கிட்ட ஏம்மா மொதல்லயே கேக்கல?” என்றார். கேட்டோம், படிவத்தில் இருக்கிறது, நீங்கள் ‘இல்லை’ என்று போட்டிருக்கிறீர்கள் என்றேன். “போட்டது நான் இல்லம்மா, ஏஜென்ட்டு” என்றார். நாங்கள் வருந்தினோம்.

ஷம்ஷாத் அக்கா கோட்டேஷன்: ஞாயிறு கண்டிப்பாக.

அக்டோபர் 12, ஞாயிறு

தீபாவளி வேலை. கீழ் வீட்டில் கால் வைக்க இடமில்லை. தெருவே ஷம்ஷாத் அக்காவிடம்தான் கொடுத்திருக்கிறது. ஜாக்கெட் துணிகள் பெயர்ச்சீட்டுக் குத்தித் தரையில் மூட்டை மூட்டையாக இருக்கின்றன. அம்மாவின் பட்டு ஜாக்கெட்டும் அதில் இருக்கிறது. உதவிக்கு இரண்டு பெண்களை வைத்திருக்கிறார். மெஷின் காலை முதல் ஓடுகிறது.

அவர் தலையை நிமிர்த்தவே இல்லை. அந்த நேரத்தில் போய் எதைப் பேசுவது? தொந்தரவு செய்யாமல் வந்துவிட்டேன்.

அக்டோபர் 14, செவ்வாய்

மழை. நேற்று மாலை ஆரம்பித்தது, விடவில்லை. பேருந்து முடிச்சூர் சாலையில் நகராமல் நின்றது.

அக்டோபர் 15, புதன்

நகர் நலச் சங்க வாட்ஸ்அப் குரூப்பில் காலையில் ஏரியின் படம் வந்தது. நிரம்பிவிட்டது. ‘மதகு எந்நேரமும் திறக்கப்படலாம், கீழ்த்தளப் பொருள்களை மேலே ஏற்றிக்கொள்ளவும்.’ கும்பிடும் கைகள் வரிசையாக. அந்தக் குரூப்பில் வீட்டுச் சொந்தக்காரர்கள் மட்டும்தான். குடியிருப்பவர்களைச் சேர்ப்பதில்லை, சங்கத்தின் விதி. சேர்த்தால் பராமரிப்புப் பற்றிக் கேள்வி கேட்பார்கள் என்று ஒரு கூட்டத்தில் தீர்மானம் போட்டார்கள். அப்பாவும் கை தூக்கினார்.

விடுப்பு போட்டு வீட்டில் இருந்தேன். பால்கனியிலிருந்து பார்த்தேன். பத்து மணி வாக்கில் எதிர்வீட்டு கிரிஜா ஆன்ட்டி குடை பிடித்துக்கொண்டு கீழ் வீட்டுக்கு வந்தார்.

“ஷம்ஷாத், என் துணிய குடும்மா. நாங்க ஊருக்குப் போறோம்.”

“வெட்டி வச்சிட்டேனே அக்கா. நாளைக்கு முடிஞ்சிரும்.”

“பரவால்ல, அப்படியே குடு. அங்க தெச்சுக்கறேன்.”

அவர் போனதும் பக்கத்து வீட்டு டீச்சர். தங்கச்சி தைத்துத் தருகிறேன் என்கிறாளாம். பிறகு மூலை வீட்டுக்காரர்கள். கலர் பொருத்தம் பார்க்க வேண்டுமாம். பிறகு மெடிக்கல் கடைக்காரர் மனைவி காரணம்கூடச் சொல்லவில்லை, பையை மட்டும் நீட்டினார். வெட்டியது, வெட்டாதது, ஒரு கை மட்டும் வைத்தது, எல்லாவற்றையும் புடவைத் தலைப்புக்குள் மறைத்து நனையாமல் எடுத்துக்கொண்டு போனார்கள். நல்ல துணியைக் காப்பாற்ற அத்தனை பேருக்கும் கால் வந்தது. ஒருத்தியின் வாய்கூடத் திறக்கவில்லை. இந்தத் தெருவை எனக்குப் பிறந்ததிலிருந்து தெரியும். இன்றுதான் காறித் துப்பத் தோன்றியது.

மதியம் ஷம்ஷாத் அக்கா வாசலில் நின்று மழையையும் தெருவையும் பார்த்துக்கொண்டிருந்தார். நான் உள்ளே வந்துவிட்டேன்.

சாயங்காலம் அம்மா படியேறி வந்தாள். மூச்சு வாங்கியது. முந்தானைக்குள் பட்டு ஜாக்கெட்.

“என்னம்மா சொல்லி வாங்கிட்டு வந்த?”

“ஒண்ணும் கேக்கலடி அவ. எடுத்துக் கையில குடுத்துட்டா.”

அக்டோபர் 16, வியாழன்

காலையில் குறுஞ்செய்தி. கடன் அனுமதிக்கப்பட்டது. வாழ்த்துகள் என்று போட்டிருக்கிறான்.

அப்பா குடையை எடுத்துக்கொண்டு போய் இனிப்பு வாங்கி வந்தார். தெருமுனையில் கணுக்கால் அளவு தண்ணீர் என்றார். என் தலையில் கை வைத்தார். அவர் விரல் நுனிகள் வயரைச் சீவிச் சீவிக் காய்ப்பு ஏறியவை. நான் அழுதேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை. சந்தோஷம் என்று நினைத்திருப்பார்.

“அந்த மெஷின மேல ஏத்த ஆள் சொல்லலாம்ப்பா. ஆறு பேரு இருந்தா போதும்.”

“இந்தப் படில அது திரும்பாது.”

“அளந்து பாத்தீங்களா?”

“நம்ம கூடத்துல எங்கம்மா வைப்ப? இதையும் எடுத்துட்டு வா, அதையும் எடுத்துட்டு வான்னு ஆரம்பிச்சா, எதுக்குன்னு கேப்பா. என்ன சொல்லுவ?”

இனிப்பில் டால்டா வாடை.

இன்றாவது அந்த ஏழாவது கேள்வியை முடித்துவிடலாம் என்று திறந்தேன். ‘மழை எச்சரிக்கை காரணமாகத் தங்கள் பகுதிக்குப் புதிய பாலிசிகள் தற்காலிகமாக நிறுத்தப்பட்டுள்ளன.’ வருந்துகிறார்களாம்.

அக்டோபர் 17, வெள்ளி

என் கோட்டு இன்னும் கீழே இருந்தது. அதைப் போய் வாங்கி வந்துவிடலாம் என்று போனேன். அதற்காக மட்டும் இல்லை. பேச வேண்டும் என்றும் இருந்தது.

தெருவில் தண்ணீர் எங்கள் கேட்டின் அடிக்கம்பியைத் தொட்டுக்கொண்டிருந்தது. கீழ் வீட்டுக் கதவு திறந்திருந்தது. உதவிக்கு வந்த பெண்கள் இல்லை. மூட்டைகள் இருந்த இடம் காலி. எம்பிராய்டரி மெஷின் மட்டும் நடுவில் நின்றது, பாலிதீன் சுற்றி. சுமையா கட்டிலின் மேல் புத்தகப் பையோடு உட்கார்ந்திருந்தாள்.

“கோட்டு ரெடியாக்கா?”

“காலர் பாக்கி. பட்டன் பாக்கி.”

“பரவால்லக்கா. அப்படியே குடுங்க.”

சொன்ன பிறகுதான் எனக்குக் காதில் விழுந்தது.

ஷம்ஷாத் அக்கா கோட்டை எடுத்து உதறினார். “போட்டுக்க. நீளம் பாக்கணும்” என்றார். போட்டுக்கொண்டேன். குத்தூசி ஒன்று தோளில் உரசியது. “நேரா நில்லு” என்றார். நின்றேன்.

கழுத்திலிருந்து இன்ச் டேப்பை எடுத்தார். ஒரு முனையைத் தரையில் போட்டுக் காலால் மிதித்துக்கொண்டார். மறுமுனையை என் உடம்போடு ஒட்டி மேலே இழுத்தார். கணுக்காலில் ஒரு நிமிடம் நிறுத்தினார். என் முகத்தைப் பார்த்தார். முழங்காலில் நிறுத்தினார். மறுபடி பார்த்தார். வாசலில் ஏதோ மிதந்து வந்து கதவில் இடித்தது. டேப் இடுப்புக்கு வந்தது. கோட்டின் இரண்டாவது பட்டன் வர வேண்டிய இடத்துக்கு வந்தது. அங்கிருந்து பக்கத்துச் சுவரைப் பார்த்தார். பிளக் பாயிண்ட் இன்னும் மேலே இருந்தது.

“எல்லாரும் வந்தாக, எல்லாரும் எடுத்துட்டுப் போனாக. ஒருத்தரும் சொல்லல” என்றார். குரல் உயரவில்லை. “உங்க அப்பாகிட்ட கேக்க மாட்டேன். அவரு வயரு மாத்திக் குடுப்பாரு. உன்னையத்தான் கேக்குறேன். மாடி கட்டுறதுக்கு முன்ன நீ இந்த வீட்டுக்குள்ள நின்ன புள்ளதானே? அப்ப தண்ணி உன் மேல எது வரைக்கும் வந்துச்சு?”

டேப் இன்னும் ஏறிக்கொண்டிருந்தது.

“எங்க நிறுத்தணும்னு சொல்லு இலக்கியா. வாயத் தொறந்து சொல்லு.”